கணுக்காலை அழுத்திப் பார்ப்பவர்

லோரியில் ஏறி உட்கார்ந்தவுடன், "காலக் காட்டுங்க தம்பி" என்றார் ராயப்பன். என் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி, விரலை எடுத்து, உற்றுப் பார்த்தார். குழி விழவில்லை; வீக்கமில்லை. "ஓகே லா. கெளம்பலாம்."

மலேசியாவில், கெமாஸ் பக்கத்துத் தோட்டமொன்றில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி அவருடையது. உடம்பு முன்போல் இல்லாததால் இப்போது மதியம் வரை மட்டும் ஓட்டுகிறார். காலைக் காட்டாமல் அதில் யாரும் பயணம் செய்ய முடியாது. வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கும் விலக்கில்லை. பூசை வைக்க வந்த பாதிரியாரே ஒருமுறை காலணியைக் கழற்றியிருக்கிறார்.

சில வருடங்களுக்கு முன் கால் வீங்கியபோது ராயப்பன் எலும்பு டாக்டரிடம் போனார். உடம்பு அரித்தது, தோல் டாக்டரிடம் போனார். மூச்சு வாங்கியது, இருதய டாக்டர். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையை வருடக்கணக்கில் கச்சான் கடலை மாதிரி மென்றுகொண்டிருந்ததை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

"எல்லார் வீட்டுக் கதவையும் தட்டுனேன் தம்பி. கிட்னி வீட்டுக்குத்தான் போவல."

இருதய டாக்டர்தான் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "நீங்க பார்க்க வேண்டிய ஆள் நான் இல்ல" என்று, சிரம்பானிலிருக்கும் சிறுநீரக நிபுணர் ஷாமினியிடம் அனுப்பினார். அந்த அம்மா கேட்ட முதல் கேள்வியே, "கடையில வாங்கிச் சாப்பிடுற மாத்திர என்னென்ன?" என்பதுதான். சுருங்கிவிட்ட சிறுநீரகம் பழையபடி ஆகாது, மிச்சமிருப்பதைக் கொஞ்ச காலம் காப்பாற்றலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். வலி மாத்திரை நின்றது. ரத்தக் கொதிப்பு அடங்கியது. உப்பு குறைந்தது. கருவாடு வீட்டைவிட்டு வெளியேறியது.

"கருவாடு போனப்பதான் அழுதேன் லா."

சில வருடங்கள் அப்படியே தள்ளினார். இப்போது அந்த மிச்சமும் தீர்ந்துவருகிறது. இனி ரத்தத்தை இயந்திரத்தில் சுத்திகரிக்க வேண்டும், அல்லது வேறொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்த வேண்டும்.

"என்னோடது ஒன்ன எடுத்துக்குங்க" என்றார் மனைவி விமலா. பக்கத்து வீட்டுக்குக் கறிவேப்பிலை கொடுக்கிற குரல்.

"ஒனக்கு எதாச்சும் ஆச்சுன்னா?"

"அதுக்குத்தான டாக்டரம்மா டெஸ்ட்டு மேல டெஸ்ட்டு எடுக்குறாங்க. ரெண்டு இருக்கில்ல, மூஞ்சத் தூக்கி வச்சிக்காதீங்க."

ராயப்பன் மாதக்கணக்கில் முரண்டு பிடித்தார். போன வாரம் அவர்களுக்குத் துணையாக நானும் சிரம்பானுக்குப் போயிருந்தேன். விமலாவின் சிறுநீரகம் பொருந்தும், கொடுப்பவருக்கும் பெரிய ஆபத்தில்லை என்றார் ஷாமினி. ராயப்பன் வேடிக்கையாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சரியென்று தலையை மட்டும் ஆட்டினார்.

வெளியே வந்து காரில் ஏறினோம். ராயப்பன் எப்போதும் ஓங்கி அறைந்தே மூடுகிற கதவுகள் கொண்ட பழைய கார். விமலா உட்கார்ந்ததும் ராயப்பன் அந்தப் பக்கம் சுற்றி வந்தார். மனைவியின் சேலை முந்தானையை எடுத்து உள்ளே விட்டு, கதவின்மேல் இரண்டு கைகளையும் வைத்து, சத்தமே வராமல் அழுத்தி மூடினார்.