தையல் டீச்சருக்குத் தெரிந்த முட்டைச் சக்கரம்

"சார், அந்த வண்டிச் சக்கரம் முட்டை மாதிரி தெரியுதே... ஒங்களுக்கும் அப்படித்தான் தெரியுதா?"

அறுபதுகளில், திருவரங்குளம் பக்கம் ஒரு பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். கேட்டவர் எங்கள் தையல் டீச்சர். மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டி, புரொஜெக்டர் சூட்டில் பூச்சி கருகும் வாசனையோடு, ஒரு வெளிநாட்டு சினிமாஸ்கோப் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் எல்லாம் ஒட்டடைக் கம்பு மாதிரி நெட்டையாக இருந்தார்கள்.

எனக்கும் முட்டையாகத்தான் தெரிந்தது. ஆனால் காரணம் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஓரமா உக்காந்து பாக்குறீங்க டீச்சர். ஒரு தட்டைச் சாய்ச்சுப் பாருங்க, நீளமாத்தானே தெரியும்?"

அவர் எழுந்து நடுவில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"அங்கிட்டு நின்னாலும் அப்படியேதான் சார் இருக்கு."

"அப்ப கண் டாக்டரைப் பாருங்க. ஊசியில நூல் கோக்குற கண்ணாச்சே..."

பக்கத்து நாற்காலிகளில் சிரித்தார்கள். தலைமையாசிரியர் மட்டும் சிரிக்காமல் திரும்பி, "நெசமாவா டீச்சர்?" என்று அவரைக் கேட்டார்.

படம் முடிந்து பெட்டி கட்டும்போது ஆபரேட்டர் என் காதோரம் சொன்னார். "இந்த அகலப் படத்தைப் பிலிமுல பக்கவாட்டுல நெருக்கிப் பிடிச்சிருப்பாங்க சார். அதை விரிச்சுக் காட்ட இன்னொரு லென்ஸ் மாட்டணும். கொண்டார மறந்துட்டேன். வெளிய சொல்லிராதீங்க."

சொல்லவில்லை. அவருக்காக அல்ல... எனக்காக.

தையல் டீச்சர் அப்போது தற்காலிக வேலையில் இருந்தார். நிரந்தரமாக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். இரண்டு நாள் கழித்து லீவு போட்டு, பஸ் ஏறிப் புதுக்கோட்டை போய், டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கி வந்து தலைமையாசிரியர் மேசையில் வைத்தார்.

என்னிடம் வந்து, "கண்ணு நல்லாத்தான் இருக்காம் சார். சக்கரம் ஏன் அப்படித் தெரிஞ்சுச்சுன்னுதான் டாக்டருக்கும் புரியலை" என்றார்.

"நல்லதுங்க டீச்சர்" என்றேன்.

அவ்வளவுதான். வேலை நிரந்தரமாகி, கட்டுமாவடிப் பக்கம் மாற்றலாகிப் போகும்வரை தினமும் பார்த்தேன். ஒரு நாளும் சொல்லவில்லை.

அன்று படம் நெருங்கிக் கிடந்தது. இன்று வீடுகளில் பழைய படத்தை அகல டிவி முழுக்க இழுத்து நிரப்புகிறோம், முகமெல்லாம் வீங்கித் தெரிகிறது. ஒரு பட்டனில் சரியாகிவிடும் சங்கதி... ஆனாலும் யாராவது சொன்னால், "எல்லாம் சரியாத்தான் இருக்கு, பேசாமப் பாரு" என்கிறோம்.

வீட்டில் யாராவது முகம் என்னமோ மாதிரி இருக்கே என்றால், பதில் சொல்லுமுன் ரிமோட்டை எடுத்துப் படத்தின் அளவை மாற்றிப் பாருங்கள்.