இரண்டு வாளி அகலம்

வாழைப்பழத் தோலைக் குப்பைக் கூடையில் போடப் போன என் கையை ஹெலன் பாதியில் பிடித்துவிட்டார். "டீச்சர், போடாதீங்க. இத்த இங்க குடுங்க." கைப்பையைத் திறந்தால் உள்ளே ஒரு பழைய டிபன் டப்பா. யார் வீட்டுத் தேயிலைச் சக்கையோ, எந்தக் கடை வெங்காயச் சருகோ ஏற்கெனவே அதில் இருந்தது. என் வீட்டுத் தோலும் அதோடு போய்ச் சேர்ந்தது. போன மாதம் ஆம்பூரில் ஒரு கல்யாண விருந்து. எல்லாரும் எழுந்து கை கழுவப் போன பிறகும் ஹெலன் மட்டும் உட்கார்ந்து பக்கத்துத் தட்டுகளில் மிஞ்சிய பிரியாணியை டப்பாவில் வழித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டு ஆபித் பாஷா பதறிப்போய், "அந்த அம்மாவுக்கு இன்னொரு பிளேட் வைங்கப்பா" என்று சத்தம் போட்டார். ஹெலன் மறுக்கவில்லை. அதையும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

இந்தச் சேகரிப்பெல்லாம் புழுவுக்கு. மாதனூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், தன் கணவர் இன்பராஜின் ஒன்றேகால் ஏக்கரில் ஹெலன் ஒரு பண்ணை நடத்துகிறார். அதை அவர் பண்ணை என்று சொல்ல மாட்டார். "கேம்பஸ்" என்பார். இன்பராஜ் அண்ணன் அதைக் "கொட்டா" என்பார். கணவன் மனைவிக்குள் அந்த அளவுக்குக் கருத்து வேறுபாடு முதல் நாளிலிருந்தே உண்டு.

அண்ணன் ஷூ கம்பெனி பஸ் ஓட்டுகிறார். சாயங்காலம் திரும்பும்போது கம்பெனி கேன்டீனில் மிஞ்சிய சோறும் குழம்பும் இரண்டு மூடி போட்ட வாளிகளில் பஸ்ஸின் டிக்கியில் வரும். அதைப் புழுப் பெட்டிகளில் கொட்டினால், கறுப்பு ஈயின் புழுக்கள் இரண்டே நாளில் தின்று தீர்த்துவிடும். கொழுத்த புழு கோழிக்கும் மீனுக்கும் போகும். மீன் குட்டையின் தண்ணீர் அகத்திக்கும் முருங்கைக்கும் பாயும். புழு தின்றுவிட்ட சக்கை வேர்க்கடலைக்கு உரம். கடலைப் புண்ணாக்கு மறுபடி கோழிக்கு. "முட்டையும் மீனும் தவிர கேட்டத் தாண்டி எதுவும் வெளிய போவாது டீச்சர். கொசு மட்டும்தான் நம்ம பேச்ச கேக்கறதில்ல" என்பார் ஹெலன்.

முட்டை போகும் இடத்தையும் சொல்ல வேண்டும். மறுநாள் காலை அதே பஸ்ஸில், அவித்த முட்டைகள் கம்பெனிக்குப் போகும் பெண்களுக்குப் போகும். ஹெலன் இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கம்பெனியில் கட்டிங் செக்ஷனில் இருந்தவர். வெறும் ரசஞ்சோறு கட்டிக்கொண்டு வரும் பெண்கள் மெஷின் முன்னால் மயங்கி விழுவதைப் பார்த்துப் பார்த்து மனசு வெறுத்துப் போனவர். "தண்ணி தெளிச்சி எழுப்பி திரும்ப உக்கார வெப்போம். அதுங்களுக்கு வேண்டியது தண்ணியா? புரோட்டீன்!" இந்த ஒரு சொல்லை அவர் சொல்லும்போது எதிரில் நிற்பவர் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது.

புழு தின்ற கோழியின் முட்டையா என்று முதலில் எனக்குக் குமட்டியது உண்மை. இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் தட்டை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பதும் நான்தான்.

கட்டிங் வேலை ஹெலனின் கண்ணை விட்டுப் போகவில்லை. விரித்துப் போட்ட தோலின் மேல் ஷூவின் பாகங்களை ஒன்றையொன்று ஒட்டி அடுக்கி வெட்டுவது அந்த வேலை. இரண்டு பாகங்களுக்கு நடுவே வீணாகும் இடத்துக்கு 'வேஸ்டேஜ்' என்று பெயர். அந்த வார்த்தையை ஹெலன், வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்ட குரலில்தான் சொல்வார். நிலத்தையும் அப்படியே தோலாகப் பார்த்தார். மாட்டுத் தோலில் முதுகுப் பக்கம் கெட்டி, வயிற்றுப் பக்கம் இழுபடும். நிலத்தில் மேட்டுப் பக்கம் முதுகு. "கெட்டியான எடம், ஷெட்டு அங்கதான்." ஏரியைப் பார்த்த பள்ளம் வயிறு. "அங்க கனம் வெச்சா இழுத்துக்கும், குட்டைய போடு." பெரிய அட்டையில் நிலத்தை வெட்டி, சின்ன அட்டைகளில் கோழி, வாத்து, மீன், புழு, ஆடு என்று எழுதி, வீட்டுக் கூடத்தில் வாரக்கணக்கில் நகர்த்தி நகர்த்தி ஒரு விரல் இடைவெளி இல்லாமல் பொருத்திவிட்டார். பார்த்தவர்கள் அசந்து போனோம். ஹெலனின் மகள் சௌந்தர்யா போட்டோ எடுத்துக் கல்லூரித் தோழிகளுக்கெல்லாம் அனுப்பினாள். அதே மாதிரி மூங்கிலும் வலையும் தகரமும் வைத்துக் கட்டியும் ஆயிற்று.

நடக்க இடம் இல்லை. அதை யாருமே பார்க்கவில்லை.

வாளிகளோடு புழுப் பெட்டிக்குப் போக, குட்டைக்கும் கோழி ஷெட்டுக்கும் நடுவே ஒரு ஒடுக்கமான வரப்புதான் மிச்சம். இன்பராஜ் அண்ணன் தாட்டியான ஆள். ஒரு வாளியை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் பிடித்து, வயிற்றை உள்ளே இழுத்து, நண்டு மாதிரி பக்கவாட்டில் போய் வருவார். நாளாக ஆக அது உடம்பில் படிந்துவிட்டது. சர்ச்சில் அத்தனை அகலமான நடுவழியிலும் மனிதர் தோளை முன்னே விட்டுக்கொண்டு நண்டு நடையில் போவதைப் பார்த்து நான் பாட்டுப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். ஹெலனிடம் சொன்னால், "அவரு உடம்ப கம்மி பண்ணட்டும் டீச்சர், வழி தானா அகலமாவும்" என்றார்.

ஐப்பசி மழையில் வரப்பு வழுக்கிவிட்டது. சாம்பாரும் வாளியும் அண்ணனும் ஒன்றாகக் குட்டைக்குள் போய் விழுந்தார்கள். இடது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு போட்டு வந்தவரைப் பார்த்து ஹெலன் கேட்ட முதல் கேள்வி, "பாத்து வரக் கூடாதா?" என்பது. நானும் அங்கேதான் இருந்தேன். எனக்கே சுருக்கென்றது.

அண்ணன் சத்தம் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, அந்த அட்டையைக் காட்டினார். "புழுவுக்கு ரூம் கீது. மீனுக்கு ரூம் கீது. வாத்துக்குக் கூட தனி ரூம் கீது. நான் எங்க நிக்கறது ஹெலன்?" பிறகு, "கை சரியாவறதுக்குள்ள கொட்டாய பிரிச்சிடு. கம்பெனில தான் திரும்பக் கூப்பிடறாங்களே, போ. எனக்கு இந்தப் பேஜாரு வாணாம்" என்றார்.

பஸ்ஸுக்கு மாற்று டிரைவர் வந்தார். அவர் வாளியையும் தொடவில்லை, முட்டையையும் தொடவில்லை. கேன்டீன் சோறு வராமல் புழுக்கள் சுருங்கின. கோழிகள் ஹெலனின் காலைச் சுற்றிச் சுற்றி வந்தன. தையல் செக்ஷன் நந்தினி ஒருநாள் பஸ் ஏறப் போகும் வழியில் கேட்டுக்கு வெளியே நின்று, "அக்கா, இனிமே முட்ட வராதா?" என்று கேட்டாள். எதையும் கேட்டைத் தாண்டி விடாத ஹெலனின் வட்டத்தில் புழு, மீன், கோழி எல்லாம் இருந்தன. அதை ஒவ்வொரு நாளும் சேர்த்துக் கட்டிய மனிதர் மட்டும் எந்த அட்டையிலும் இல்லை. வாளி தானாக நடந்து வருகிறது என்றே ஹெலன் நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து தட்டோடு போனேன். முட்டை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் போகவில்லை, கால் பழக்கத்தில் போய்விட்டது. கூடத்தில் அட்டைகள் எல்லாம் கலைந்து கிடந்தன. அண்ணன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஹெலன் இரண்டு காலி வாளிகளை நடுக்கூடத்தில் கொண்டுவந்து வைத்தார்.

"கொஞ்சம் எழுந்து வாங்க."

"இன்னாத்துக்கு?"

"வாங்களேன்."

எழுந்து வந்தார். நல்ல கையில் ஒரு வாளியைக் கொடுத்தார் ஹெலன். இன்னொன்றை எங்கே பிடிப்பது என்று அண்ணன் மாவுக்கட்டைப் பார்த்தார். அதைத் தானே தூக்கிக்கொண்டு ஹெலன் அவருடைய இடது பக்கம் போய் ஒட்டி நின்றார். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை என்னிடம் நீட்டினார். "டீச்சர், இந்த பக்கெட்டுலருந்து அந்த பக்கெட்டு வரைக்கும் அளங்க. அதான் வழி. மொதல்ல அத்த வெட்டி வெச்சிட்டுத்தான் மத்ததெல்லாம்."

"அவ்ளோ அகலமா?" அண்ணன் கீழே கிடந்த அட்டைகளைப் பார்த்தார். "வாத்துக்கு எடம் பத்தாதே."

வாத்து, ஹெலன் ஆசை ஆசையாகச் சேர்த்தது. "வாத்து இப்ப வாணாம்" என்றார். அந்த அட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"கோழிக்கும் கம்மியாயிடும்."

"ஆவட்டும்."

அண்ணன் வாளியைக் கீழே வைக்கவில்லை. நான் நாடாவின் முனையை அவர் வாளியின் விளிம்பில் வைத்து இழுத்துக்கொண்டு போனேன். அளவு குறைவாக வந்தது. நிமிர்ந்து பார்த்தால், இத்தனை பெரிய கூடத்தின் நடுவிலும் மனிதர் தோளை முன்னே விட்டு, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, பக்கவாட்டில் நிற்கிறார்.

ஹெலனும் அதைப் பார்த்துவிட்டார். தன் வாளியைக் கீழே வைத்தார். இரண்டு கைகளாலும் அவர் தோள்களைப் பிடித்து நேராகத் திருப்பி நிறுத்தினார். சட்டைக் காலரைச் சரி செய்தார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்று, "இப்ப அளங்க டீச்சர்" என்றார்.