ஆளில்லாத வாத்தியங்களை வாசித்தவர்

செவ்வாய்க்கிழமை காலை கண் பரிசோதனைக்காக வேலூருக்குப் போய்க்கொண்டிருந்தேன். பேருந்து கண்ணமங்கலத்தை நெருங்கும்போது தேவகியின் தம்பி முருகன் போன் செய்தான். "அண்ணா, அக்கா போயிடுச்சி. இப்பத்தான்." இறங்கி எதிர்ப்பக்கம் போய் நின்றேன். ஆரணிக்குப் போகும் பேருந்து ஒன்று வந்தது, ஏறவில்லை. அடுத்ததில்தான் ஏறினேன். அழுகை வரவில்லை. பல வருடத்து அசதி மொத்தமாகக் காலில் இறங்கியது போலிருந்தது.

தேவகியைப் பாடகியாக அறிந்தவர்கள் உண்டு. வெளிநாட்டு மேடைகளில் ஆறேழு வாத்தியம் வாசித்தவராக அறிந்தவர்களும் உண்டு. நான் அவருக்குப் பத்தொன்பது வருடம் தபேலா வாசித்தவன். தொடக்கத்தில் போளூர், சந்தவாசல் பக்கத்துத் திருவிழாக்களில் மெல்லிசைக் கச்சேரி செய்துகொண்டிருந்தோம். அவருடைய அப்பா விசைத்தறி ஓட்டியவர். அந்தச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய வீடு என்பதால், மைக் நின்றுபோனாலும் தேவகியின் குரல் கடைசி வரிசைவரை கேட்கும். எங்கள் கீபோர்டு கலைஞர் துபாய்க்கு வேலைக்குப் போனதும், மூன்றே வாரத்தில் தேவகி கீபோர்டு கற்றுக்கொண்டார். புல்லாங்குழல்காரர் விலகியதும் குழலும் அவர் கைக்கு வந்தது. "எனக்கென்ன ஆசையா ண்ணா? ஒவ்வொருத்தரா போய்கினே இருக்காங்க. பாட்டு நிக்கக் கூடாதில்ல?" என்பார்.

சென்னை விழா ஒன்றில் அவர் பாடியதைக் கேட்ட பிரெஞ்சு இசைக்கலைஞர் ஒருவர், பல நாட்டவர் சேர்ந்த தன் குழுவுக்கு எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டார். மொத்தம் ஆறு பேர். பிறகு விமான நிலையங்கள், குளிர், ரொட்டி. தேவகி ஏழு மொழிகளில் பாடினார். ஒவ்வொரு பாட்டுக்கும் வரிவரியாகப் பொருள் கேட்டு எல்லோரையும் பேஜார் செய்வார். "அர்த்தம் தெரியாம பாடுனா வாயில கல்லு வச்சிகினு பாடுற மாதிரி இருக்குது."

மொராக்கோவில் ஒருமுறை, குழுவில் அரபு நரம்பு வாத்தியமான ஊத் வாசிப்பவருக்குக் கடுமையான காய்ச்சல். தேவகி ஏற்கெனவே அவரிடம் அதைக் கொஞ்சம் பழகியிருந்தார். அன்று பகல் முழுக்க அவர் படுக்கையருகே உட்கார்ந்து நான்கு பாட்டுகளைக் கற்று, மாலையில் மேடையில் வாசித்தார். இரண்டு இடத்தில் தவறினார். முடிந்ததும் எழுந்து, "பாட்டெல்லாம் அவரோடது. தப்பு மட்டும் என்னோடது" என்று தெரிந்த பிரெஞ்சில் சொன்னார். கைதட்டல் வெகுநேரம் ஓயவில்லை.

ஆறு வருடத்துக்கு முன் என்னால் முடியாமல் போனது. முட்டி வலி, தூக்கமின்மை, பெட்டி தூக்குவதில் வந்த வெறுப்பு. ஆரணி பேருந்து நிலையத்தருகே ஒரு டீக்கடையில் சொன்னேன். "இனிமே என்னால வர முடியாதும்மா."

தேவகி டீயைக் குடித்து முடித்தார். பிறகு போனை எடுத்து மேசைமேல் வைத்தார். "சரி ண்ணா. கச்சேரி முடிக்கிற அந்தக் கடைசிப் பாட்டுத் தாளத்த ஒருவாட்டி தட்டிக் காட்டுங்க. பதிஞ்சி வச்சி பழகிக்கிறேன்."

தட்டிக் காட்டினேன். வீட்டுக்கு வந்தபின் மனம் கொதித்தது. 'போகாதீங்க' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே! பத்தொன்பது வருடத்துக்கு அரை மணி நேரத்தில் மாற்று ஏற்பாடா? இரண்டு வருடம் அவர் போனை எடுக்கவில்லை. அதன்பிறகும் விழாக்களுக்கு வாழ்த்துச் சொல்வதோடு சரி.

நான்கு மாதத்துக்கு முன் நுரையீரல் நோயோடு ஊர் திரும்பினார். போய்ப் பார்த்தேன். தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாக்கியத்துக்கு நடுவில் மூச்சு வாங்கியது.

"என் மேல கோவமா?" என்று கேட்டேன்.

"கோவம் இல்ல ண்ணா. அன்னிக்கி டீக்கடைக்கி உங்ககிட்ட அதையேதான் சொல்லலாம்னு வந்தேன். என்னாலயும் முடியல, நிறுத்திக்கிறேன்னு. நீங்க முந்திகினீங்க." மூச்சை இழுத்துக்கொண்டார். "ரெண்டு பேரும் ஒரே நாள்ல எறங்கிட்டா, மீதி நாலு பேரு என்ன பண்ணுவாங்க?"

டீ ஆறிப்போகுது, குடிங்க என்றார்.

அடக்கம் முடிந்ததும் முருகன் அவருடைய அறையைத் திறந்து, விருப்பமான வாத்தியத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னான். வேண்டாம் என்றேன். என்னிடம் இருப்பது இந்த ஆறு வருடம்: காலையில் அவசரமில்லாமல் எழுந்தது, பேரப்பிள்ளைகளோடு சாப்பிட்டது, பகலில் கண்ணயர்ந்தது. அந்த ஓய்வு அவர் எடுத்திருக்க வேண்டியது. அதை நான்தான் வைத்திருக்கிறேன்.