தொழில்பேட்டைக்குப் பின்னால் ஒரு மண் தடம்

துபாயில் பழைய மோட்டார் சைக்கிள் கண்காட்சி ஒன்றில் யாரோ இன்ஜினைக் கிளப்ப, பந்தய வண்டிகளுக்கு ஊற்றும் விளக்கெண்ணெய் கருகும் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு மறுபடி எட்டு வயதாகிவிட்டது. ஷார்ஜா தொழில்பேட்டைக்குப் பின்னால், இன்று கிடங்குகள் நிற்கும் இடத்தில், அன்று ஒரு வட்டமான மண் தடம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலைகளில் என் அப்பா இடது பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகடு கட்டி, அந்தக் காலை மண்ணில் தேய்த்தபடியே வளைவுகளில் வண்டியைச் சாய்த்து ஓட்டுவார், தகடு கிறீச்சிடும், மணல் எங்கள் முகத்திலும் பிரியாணிப் பொட்டலத்திலும் வந்து விழும், அம்மா மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டிருப்பார்.

ஒரு பந்தயத்தில் விழுந்து அப்பாவின் இடுப்பு முறிந்தது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கூட வேலை பார்த்த செல்வம் அந்த வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு நாள்கூட வந்து பார்க்கவில்லை.

அதே வண்டி இப்போது கண்காட்சியில் என் முன்னால் நின்றது. பக்கத்தில் தலை நரைத்த செல்வம், "இதுல நான் ஜெயிக்காத ரேஸே இல்ல" என்று கூட்டத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வளைவுல பிரேக்கை எந்தக் கால்ல பிடிப்பீங்க, அங்கிள்?" என்றேன்.

"வலது கால்லதாம்மா."

"இந்த மண் ரேஸ் வண்டிக்குப் பிரேக்கே கிடையாது. இதை ஓட்டினவர் எங்கப்பா."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். செல்வம் என் கையைப் பிடித்து, "விட்டுடும்மா, பேரப்பிள்ளைங்க நிக்குதுங்க" என்று கிசுகிசுத்தார்.

நான் அந்தப் பிள்ளைகளையும் அருகில் அழைத்து, இது யாருடைய வண்டி என்பதை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.