அவர் கைக்காப்பை நான் கட்டிக்கொண்ட நாள்

போன சித்திரையில் எங்கள் நெரவிப் பக்கம் ஆலங்கட்டி மழை கொட்டியதே, அன்றைக்கு நான் மாரியம்மனிடம் சண்டை போட்டேன். வேண்டிக்கொள்ளவில்லை, சண்டைதான். அவளை நம்புகிறவர்களுக்கு அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மதியம் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. பருத்தி அப்போதுதான் காய் பிடித்திருந்தது. எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டிகள் விழுந்தன. இலை, பூ, காய் எல்லாம் கிழிந்து வயலில் வெறும் குச்சிதான் நின்றது. பருத்தி போனால் போகிறது. மோட்டாரைப் பார்க்கப் போன என் வீட்டுக்காரர் மேல் கொட்டகைச் சுவர் சரிந்துவிட்டது. தூக்கிவந்து வாசலில் கிடத்தினார்கள். தலையில் ரத்தம் நிற்கவில்லை. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

மெயின் ரோட்டில் மரம் விழுந்து ஆம்புலன்ஸ் வர வழியில்லை. பக்கத்து வீட்டு லோடு வண்டி குறுக்கு வழியில் காரைக்கால் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயாராக நின்றது. அப்போதுதான் என் கொழுந்தனார் வாயைத் திறந்தார்.

"அண்ணி, அண்ணன் தீமிதிக்குக் காப்புக் கட்டியிருக்கு. கட்டி நாலு நாளுதான் ஆவுது. காப்போட எல்லை தாண்டுனா ஊருக்கே ஆகாது. கொஞ்சம் பொறுங்க, முழிச்சுக்கும்."

"அப்ப அவுத்துடுங்க."

"நடுவுல அவுக்கப்படாது அண்ணி. தெய்வக் குத்தம்."

கூட நின்ற நாலு பேரும் தலையாட்டினார்கள். உயிர் போகிற ஆளைக் கிடத்திவைத்துக்கொண்டு சாங்கியம் பேசுகிறார்கள். ஈரப் புடவையோடு கோயிலுக்கு ஓடினேன்.

"எத்தனை வருஷம் உனக்குக் கூழ் ஊத்துனேன்? பயிரை அடிச்சுட்ட, எடுத்துக்க. ஆளையும் கேக்குறியா? உன் பேரைச் சொல்லிக் கட்டுன கயிறு, நீயே வந்து அவுத்துடு. இல்லாட்டி இனிமே உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன்.

மழைக்கு ஒதுங்கியிருந்த பூசாரி உள்ளேயிருந்து வந்தார். காப்பு விஷயத்தில் அவரைவிடக் கண்டிப்பானவர் ஊரில் கிடையாது. திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"அந்தக் காப்பை நீ வாங்கிக் கட்டிக்கிறியா? அவரு வேண்டுதலை நீ முடிப்பியா?" என்று கேட்டார்.

"கட்டுங்க" என்றேன்.

பூசாரி வீட்டுக்கு வந்து, என் வீட்டுக்காரர் கையிலிருந்த மஞ்சள் கயிற்றை அவிழ்த்து, அம்மன் பேரைச் சொல்லி என் கையில் கட்டினார். அவரை வண்டியில் ஏற்றினார்கள். நானும் ஏறப் போனேன். பூசாரி என் கையைப் பார்த்தார். காப்பு இப்போது என்னுடையது, எல்லை தாண்டக்கூடாதவள் நான். கொழுந்தனாரைத் துணைக்கு அனுப்பிவிட்டு எல்லைக்கல் பக்கத்திலேயே நின்றேன். கும்பிடுவதும் திட்டுவதுமாக நேரம் போனது.

விளக்கு வைக்கிற நேரத்தில் போன் வந்தது. "அண்ணி, கண்ணு முழிச்சுடுச்சு. 'அவ எங்க'ன்னுதான் மொதல்ல கேட்டுச்சு" என்றார் கொழுந்தனார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னாராம். அதையும் பொறுக்கச் சொன்ன கொழுந்தனார் வாயாலேயே கேட்டேன்.

அன்றையிலிருந்து பத்தாம் நாள் நான் தீ மிதித்தேன். என் வீட்டுக்காரர் தலைக்கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். அந்த மழை நாளுக்கு முன் கோயிலில் நான் சத்தம் போட்டுப் பேசியதே இல்லை. இப்போது சாங்கியம் என்று யார் குறுக்கே வந்தாலும் விடுவதில்லை. கொழுந்தனார் மேல் உள்ள கோபமும் இன்னும் தீரவில்லை, அதை மறைக்கவும் மாட்டேன்.

உங்களுக்கு ஆபத்து வந்தால் பயந்து பயந்து வேண்டாதீர்கள். பெற்றவளிடம் கேட்கிற மாதிரி அதட்டிக் கேளுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். மனுஷர்கள்தான் கோபித்துக்கொள்வார்கள்.