பன்னிரண்டு மணி இருட்டு

சைகோனில் பகல் பன்னிரண்டு மணி ஆனதும் எங்கள் ஆய்வகத்தில் விளக்கை அணைத்துவிடுவார்கள். மேசைகளுக்கு அடியிலிருந்து மடக்குக் கட்டில்கள் வெளியே வரும். ஒரு மணிவரை எல்லோருக்கும் தூக்கம். வந்த புதிதில் பொறுப்பாளர் ஹுவாங் எனக்கும் ஒரு கட்டிலைக் காட்டியபோது, "எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல" என்றேன். "எனக்கும்தான்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். திருச்சியில் நான் வேலை பார்த்த கல்லூரியில் மதியம் கண்ணயர்ந்தவரை ஒரு வருஷம் முழுக்கக் கேலி செய்திருக்கிறோம். இங்கே விழித்திருப்பவன்தான் வேடிக்கை.

என் வேலை பிளாஸ்மாவைப் படமெடுப்பது. சூரியனைப் போல அணுக்களை இணைத்து மின்சாரம் எடுக்க, பிளாஸ்மா என்ற கொதிக்கும் வாயுவைக் காந்தத்தால் கட்டிப்போட வேண்டும். அதன் விளிம்பு மட்டும் அடங்காது. துணுக்குத் துணுக்காகப் பிய்த்துக்கொண்டு ஓடும். நொடிக்கு லட்சம் படம் எடுக்கும் கேமராவால் அதைப் பிடிக்கிறோம். எங்கள் சின்னக் கருவியில் மூன்று மாதமாக விளிம்பில் ஒரு சீரான துடிப்பு தெரிந்தது. யாரும் சொல்லாத சங்கதி. அதனால் என் ஒப்பந்தம் இரண்டு வருஷம் நீளும், என் மனைவி கவிதாவும் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிடுவாள் என்று கோட்டை கட்டியிருந்தோம்.

கேமரா இரவல். கெடு முடியும் நாளில் மதியம்தான் நேரம் கிடைத்தது. "சி ஹுவாங், இன்னிக்கு மட்டும் விளக்கு எரியட்டுமே" என்று கெஞ்சினேன். 'சி' என்றால் வியட்நாமிய மொழியில் அக்கா.

"இருட்டுல எடு. இவங்க தூங்கணும்."

எரிச்சலோடு எடுத்தேன். துடிப்பைக் காணோம். கேமரா கெட்டுவிட்டதென்று நினைத்தேன். ஒரு மணிக்கு விளக்கு எரிந்ததும் மறுபடி எடுத்தேன், துடிப்பு வந்துவிட்டது. மூன்று மாதமாக நான் ஆராய்ந்தது தலைக்கு மேலிருந்த டியூப்லைட்டை. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மினுங்கும் அதன் வெளிச்சம், கருவியின் கண்ணாடியை மூடிய மெல்லிய துணியைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது.

வாயைத் திறக்காமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பிறகு ஹுவாங்கிடம் சொன்னேன்.

"அப்ப உருப்படியா எடுத்தது இன்னிக்கு மட்டும்தானா? சரி, சாப்பிட்டியா?" என்றார்.

எல்லாவற்றையும் இருட்டில் திரும்ப எடுக்கக் கேமராவுக்கு மூன்று மாதம் கெடு நீண்டது. என் ஒப்பந்தமும் அதே மூன்று மாதம்தான் நீண்டது. அதை நம்பி யாரும் வேலையை விட முடியாது.

இப்போது மதியம் நானும் கட்டிலில் படுக்கிறேன். திருச்சியில் அப்போது காலை பத்தரை, கவிதா டீ குடிக்கும் நேரம். போன் போடுகிறேன்.

"ஏன் குசுகுசுன்னு பேசுறீங்க?"

"எல்லாரும் தூங்குறாங்க."

"நீங்க?"

"படுத்திருக்கேன். நீ பேசு."

அவளுக்குப் பின்னால் திருச்சி பஸ் ஒன்று விடாமல் ஹாரன் அடிக்கிறது. பக்கத்துக் கட்டிலில் ஹுவாங் புரண்டு படுக்கிறார். போனில் சத்தத்தைக் குறைத்துக் காதோடு அழுத்திக்கொள்கிறேன்.