மூன்றாவது சிலிண்டர்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும், பொனட்டைத் திறக்காமலே எந்தச் சிலிண்டர் அடிக்கவில்லை என்று காதால் சொல்லக்கூடிய ஆள் என்னைத் தவிர இன்னொருவர் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. பெருமைக்கு எழுதுகிறான் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். பெருமைதான். வாப்பா ஒரு ஸ்பெனர்கூட விட்டுப்போகவில்லை. சாய்ந்தமருதில் மெயின் ரோட்டோரம் சொந்தக் கராஜ் போட்டவன் பெருமைப்படாமல் வேறு யார் படுவது?

அந்தக் கராஜின் உழைப்பில்தான் என் ஒரே தங்கச்சிக்கு நற்பிட்டிமுனையில் வீடு கட்டினேன். எங்கள் ஊர்களில் பெண்ணுக்கு வீடு கட்டாமல் கலியாணம் இல்லை. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வாப்பா நேரத்தோடு மௌத்தாகிவிட்டதால் அந்தக் கடமை என் தலையில் விழுந்தது. அத்திவாரக் கல்லிலிருந்து கூரை ஓடு வரை நானே நின்று பார்த்துப் போட்டேன். பாலமுனையிலிருந்து மச்சான் வந்தார். வயல் செய்பவர், அதிகம் கதைக்காதவர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரு பழைய ஜப்பான் காரையும் நானே தேடிப்பிடித்துக் கொடுத்தேன். வீடும் நான் கொடுத்தது, காரும் நான் கொடுத்தது என்று ஊரில் நாலு பேர் இருக்கும் இடத்தில் சொல்லியிருக்கிறேன். மச்சான் பக்கத்தில் இருக்கும்போதும் சொல்லியிருக்கிறேன்.

தங்கச்சிக்கு இரண்டு கிட்னியும் பழுதான பிறகு அந்தக் கார்தான் அவளுடைய உயிர். இரத்தம் சுத்திகரிக்க மட்டக்களப்பில்தான் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்குள் அங்கே நிற்க வேண்டும். ஒரு முறை தவறினால் உடம்பில் தண்ணீர் ஏறும், கால் வீங்கும், மூச்சு இழுக்கும். மச்சான் விடியற்காலை சுபஹு தொழுத கையோடு அவளை ஏற்றிக்கொண்டு போவார்.

வாகனச் சாமான்கள் நாட்டுக்குள் வராமல் இருந்த காலத்தில் அந்தக் காரின் ஹெட் கேஸ்கட் ஒருமுறை போனது. எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்காமல் அடைத்துவைக்கும் தகடு அது. புதியது எங்கும் இல்லை. நான் பழையதையே மண்ணெண்ணெயில் கழுவி, இரண்டு பக்கமும் வெள்ளிப் பெயின்ட் அடித்து, காயவைத்துத் திரும்பவும் போட்டேன். எஞ்சின் ஓடியது. புதியது கிடைக்கும்வரை ஓடும் என்று வேறு யாரும் சொல்லியிருப்பார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. கம்பனிக் கேஸ்கட்டை விட இது நாள் போகும் என்று சொன்னேன்.

ஒன்றரை வருடம் போனது. மாரி மழை தொடங்கிய நேரம், கார் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது உதறுகிறது என்று மச்சான் வந்து சொன்னார். ஒரு நிமிடம் குலுங்கிவிட்டுப் பிறகு சரியாகிவிடுகிறதாம். கராஜுக்கு வந்து சேரும்போது எஞ்சின் சூடாகியிருக்கும், ஒரு குறையும் கேட்காது. அதனால் ஒருநாள் சுபஹுக்குப் பிறகு நானே வீட்டுக்குப் போனேன்.

தங்கச்சி தலையணையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் இருந்தாள். மச்சான் சாவியைத் திருப்பினார். கார் நொண்டியது. கேற்றடியில் நின்றபடியே மூன்றாவது சிலிண்டர் என்று சொன்னேன். பிறகு பொனட்டைத் திறந்து, பழைய செருப்பு ரப்பரால் பிடித்து, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டினேன். முதலாவதைக் கழற்ற எஞ்சின் இன்னும் இறங்கியது. இரண்டாவதும் நாலாவதும் அப்படித்தான். மூன்றாவதைக் கழற்ற ஒரு மாற்றமும் இல்லை. ஏற்கனவே செத்துக் கிடக்கும் சிலிண்டரின் வயரைக் கழற்றினால் எஞ்சினுக்கு என்ன தெரியப்போகிறது?

எஞ்சினை நிறுத்திவிட்டு மூன்றாவது பிளக்கை வெளியே எடுத்தேன். மற்ற மூன்றும் மண் நிறத்தில் இருந்தன. இது மட்டும் கழுவித் துடைத்த மாதிரி வெள்ளையாக இருந்தது.

இந்த இடத்தில் நான் பொய் எழுதக்கூடாது. அப்படி வெள்ளையாக வரும் பிளக்குக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்குகிறது, ஆவி பிளக்கைக் கழுவுகிறது, கேஸ்கட் போய்விட்டது. எத்தனையோ பேருடைய காரில் இதைப் பிடித்துக் கொடுத்துப் பேர் வாங்கியவன் நான். அன்றைக்கு என் கண் அதைப் பார்த்தது. என் வாய், நம்முடைய ட்யூனிங் அவ்வளவு சுத்தம், பிளக்கில் கரியே இல்லை என்றது. சைலன்சரில் வந்த வெள்ளைப் புகையை மாரி ஈரம் என்றேன். ஒரு பேச்சுக்கு ரேடியேட்டர் மூடியையும் திறந்து பார்த்தேன். விளிம்பு வரை தண்ணீர் இருந்தது. அதற்குப் பிறகு எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. வர விடவில்லை என்பதுதான் சரி.

பிளக்கையும் வயரையும் மாற்றினேன். அதற்குள் எஞ்சின் சூடாகி ஒழுங்காக ஓடியது. தங்கச்சி பின்சீட்டிலிருந்து, "காக்கா, கார்ட பிளக்க மாத்தின மாதிரி எண்ட கிட்னியையும் ஒருக்கா மாத்தி உடுங்களன்" என்றாள்.

"பழைய மொடலுக்கு பார்ட்ஸ் இல்ல புள்ள" என்றேன்.

அவள் சிரித்தாள். மச்சான் சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வருகிறவர் போல என்னைப் பார்த்தார். பிறகு கார்க் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

அடுத்த வாரமும் கார் உதறியது. பிளக் போலிச் சாமான் என்று சொல்லி வேறு பிளக் போட்டேன். அதற்கடுத்த வாரம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை மாற்றினேன். கல்முனையில் ஒரு கத்தோலிக்கத் தமிழர் கராஜ் வைத்திருக்கிறார். அவர் எதற்கெடுத்தாலும் சிலிண்டருக்கு அமுக்கமானி போட்டுப் பார்ப்பவர். அவரிடம் ஒருமுறை காட்டுவோமா என்று மச்சான் மெதுவாகக் கேட்டார். காது இல்லாதவனுக்குத்தான் மானி வேண்டும் என்று சொல்லி அந்தக் கதையை முடித்துவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கல்லாற்றுப் பாலம் கடந்த இடத்தில் கார் நின்றுவிட்டது. மச்சான் எனக்குப் போன் எடுத்துச் சொன்னதும் மோட்டார் சைக்கிளில் போனேன். பொனட்டிலிருந்து ஆவி அடித்துக்கொண்டிருந்தது. தங்கச்சி ரோட்டோர மதகில் முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி இருந்தாள். பாதம் வீங்கிச் செருப்பு நுழையாமல் வெறுங்காலோடு இருந்தாள். நான் பொனட் பக்கம் குனிந்தபோது, "காக்கா, இப்ப காதக் குடுத்துக் கேளுங்க. ஒரு சத்தமும் இல்ல" என்றாள்.

அவளுடைய கடைசிப் பகிடி அதுதான்.

மணல் ஏற்றிய லொறிகளும் நிறைந்த பஸ்களும்தான் போயின. பஸ்ஸில் நிற்க அவளால் ஏலாது. ஒரு வேன் நின்று அவர்களை ஏற்றும்போது ஏழு மணி தாண்டி வெகு நேரம். அவளுடைய முறையில் இன்னொரு நோயாளி ஏறியிருந்தார். அவருக்கும் அது உயிர்தானே. யாரைக் குறை சொல்வது? செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள், இடையில் மூச்சு முட்டினால் உடனே கொண்டுவரச் சொன்னார்கள். ஞாயிறு நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் மூச்சு முட்டியது. கொண்டுபோனோம். திங்கள் காலையில் மௌத்தானாள்.

மையித்து வீட்டில் யாரும் காரைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு வருட நோய், இதயமும் பலவீனம், அல்லாஹ்வுடைய நாட்டம் என்றார்கள். நானும் ஓம் என்றேன்.

காரைக் கட்டி இழுத்து வந்து கராஜில் விட்டிருந்தேன். அவளுக்கு ஏழாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு ஹெட்டைக் கழற்றினேன். மூன்றாவது சிலிண்டரிலிருந்து தண்ணீர் ஓடும் துவாரம் வரை கேஸ்கட் தின்னப்பட்டிருந்தது. மிச்சத்தில் என் வெள்ளிப் பெயின்ட் அப்படியே பளபளத்தது. மூன்றாவது என்று நான் கேற்றடியில் நின்று சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. இவ்வளவு தின்னப்பட்ட கேஸ்கட் தினமும் தண்ணீர் குடித்திருக்கும். நான் பார்த்த அன்று மட்டும் ரேடியேட்டர் எப்படி நிறைந்திருந்தது? மச்சானிடம் போய்க் கேட்டேன். அவர் வாசலில் நெல்லுச் சாக்கு உதறிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே சொன்னார்.

"ஒவ்வொரு நாளும் ஒண்டரப் போத்தல் ஊத்தினன். நீங்க வார எண்டதும் முன்னுக்கே ஊத்தி நிரப்பி வச்சன். தண்ணி குறஞ்சிருக்கிறதக் கண்டா உங்கட முகம் சுருங்கும் எண்டு."

"கேஸ்கட் எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"கல்முனையில காட்டின நான். மானி போட்டுப் பாத்து மூணாவதுல அமுக்கம் இல்ல எண்டு சொன்னாரு. கழட்டிச் சரி செஞ்சு தாரன் எண்டாரு. நான்தான் வேணாம் எண்டன்."

ஏன் என்று கேட்டேன்.

"இது நீங்க கட்டின ஊடு மச்சான். இதுக்குள்ள இருந்துக்கிட்டு உங்கட வேலையப் பிழை எண்டு நான் எந்த வாயால சொல்ற? தண்ணி ஊத்தினா ஓடுது தானே எண்டு நினச்சன்."

சாக்கை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனார். கோபப்படுவார், ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நாற்பதாம் கத்தத்துக்கு முன்னாலேயே புதிய கேஸ்கட் கொழும்பிலிருந்து வந்தது. என் கையால் போட்டேன். காலைக் குளிரில் முதல் திருப்பிலேயே நாலும் ஒன்றுபோல அடித்தன. காரை வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டேன்.

கத்தம் முடிந்த மறுநாள் மச்சான் ஒரு பையோடு வெளியே வந்தார். பாலமுனையில் அவருடன் கூடப்பிறந்த மூத்த ராத்தா வீட்டுக்குப் போகிறாராம். இது உங்கள் வீடு, இருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். வீடு அவளுடைய பெயரில்தானே இருந்தது என்றார். காரையாவது எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். சாவியை என் கையில் வைத்தார்.

"தண்ணியப் பாத்துக்கங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

கார் இப்போது என் கராஜில் நிற்கிறது. விற்கவும் மனமில்லை, ஓடவும் மனமில்லை. காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கிறேன். ஒரு சொட்டும் குறைவதில்லை.